முப்பத்தொரு ஊருக்கு முன்பே

அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. தையல்காரிக்கு அதற்கு நேரமும் இல்லை. நீங்கள் ஒலிபரப்புக் கம்பெனியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, ‘விடிஞ்சாச்சு’ நிகழ்ச்சியின் வரலாற்றைத் தொகுக்கிறோம், பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றதால் சொல்கிறேன். ரிக்கார்டரை மேசைமேல் வையுங்கள். ஊசி டப்பாவுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

ஆரம்பத்தில் அது ஒரே ஒரு நிலையத்தில் வந்த நிகழ்ச்சி. பக்கத்து வீட்டு ரேடியோக்காரர் மணி சொல்வார், அவர் மனைவி வானிலை சொல்வார், நடுவில் பாட்டு. கேட்டால் விடிந்த மாதிரியே இருக்காது, மறுபடி தூக்கம் வரும். ஒரு நாள் மணிக்கும் மழைக்கும் நடுவில் அந்த அம்மா கேட்டுவிட்டார்.

“ஏங்க, ஈரத் துண்டக் கட்டில்ல போட்டா அது தானா எந்திரிச்சுக் கொடிக்குப் போயிடுமா?”

“நான் போடலம்மா.”

“அப்ப யாரு போட்டா? காத்தழுத்தத் தாழ்வு மண்டலமா?”

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. துண்டைப் போட்டது நான்தான். வெளியூர் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் சாவி கொடுத்திருந்தார்கள். ஊற்றும்போது வாளி கவிழ்ந்து கூடம் நனைந்தது, துடைத்தேன், துண்டு கையில் இருந்தது, கட்டில் பக்கத்தில் இருந்தது. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

பிறகு உங்கள் கம்பெனி வந்தது. ஒரு ஊர் ஆறாகி, ஆறு முப்பத்தொன்றாகியது. அவர்கள் வீட்டுப் பின்னறையே ஸ்டுடியோ. எல்லா நிலையத்துக்கும் நிகழ்ச்சியைப் பதிந்த தகடு தபாலில் போய்ச் சேர வேண்டும் என்பதால், இந்தச் செவ்வாய் போட்ட சண்டை அடுத்த செவ்வாய்தான் வானொலியில் வரும். சத்தம் வெளியே போகாமல் மூன்று சுவரில் மெத்தை அடித்தார்கள். நான்காவது சுவரில் அலமாரி இருந்ததால் விட்டுவிட்டார்கள். அந்த அலமாரிக்கு இந்தப் பக்கம் என் தையல் மிஷின்.

ஆக, முப்பத்தொரு ஊருக்கும் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும். அளவு கொடுக்க வரும் பெண்கள் கையைத் தூக்கி நின்றபடியே கேட்பார்கள்: “அக்கா, அடுத்த வாரம் என்ன?” ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சொல்வேன்: “செவ்வாக்கிழம சர்க்கர டப்பா. வியாழக்கிழம மாமியார்.” சொன்னபடியே நடக்கும். வானிலையை நம்பாதவர்கள்கூட என்னை நம்பினார்கள். இரண்டு வீதி தள்ளியிருந்தெல்லாம் துணி வந்தது.

இப்படி இருக்கும்போது அந்த இருவருக்கும் ஒற்றுமை வந்துவிட்டது. அவர் துண்டைத் தானே காயப்போட ஆரம்பித்தார். அந்த அம்மா “பரவாயில்லங்க” என்றார். ஒரு நாள் பத்து நிமிஷம் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். மூன்று நிலையங்கள், இப்படியே போனால் நிகழ்ச்சி வேண்டாம் என்று எழுதின. அன்று “அடுத்த வாரம் என்ன?” என்று கேட்டவளிடம் “பாசம்” என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சாவிதான் என்னிடம் இருந்ததே. உப்பைச் சர்க்கரை டப்பாவுக்கு மாற்றினேன். அவர் கண்ணாடியை மாவு டப்பாவுக்குள் வைத்தேன். ஆனால் தினமும் போய்வர முடியுமா? என் தொழிலிலேயே வழி தேடினேன். அவர் பேண்ட் என்னிடம் வரும்போதெல்லாம் இடுப்பில் அரை விரல் பிடித்துவிடுவேன். “தொப்பய கொறைங்க” என்று அந்த அம்மா ஆரம்பித்தால் ஒரு வாரத்துக்குக் குறையில்லை. அவரும் சாப்பாட்டைக் குறைத்தார், நடந்தார், ஓடினார். எட்டு வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டார், பேண்ட் மட்டும் ஏறவில்லை. எடை குறையக் குறைய இடுப்பு பெருக்கும் நோய் எது என்று மூன்று மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். அந்த வாரம் நிகழ்ச்சி மிகப் பிரமாதம்.

நான்கு மாசம் முன்பு சுவர் வழியாக ஒன்று கேட்டேன். “போதும்ங்க. இந்த மாசத்தோட நிறுத்திட்டு, கடலோரமா ஒரு வீடு பாத்து நிம்மதியா இருப்போம்” என்றார் அந்த அம்மா. “சரிம்மா, உன் இஷ்டம்” என்றார் அவர்.

சின்னதாக ஒரு கைக்குட்டை தைத்தேன். ஓரத்தில் லேஸ், மூலையில் ஊதாப்பூ, கொஞ்சம் வாசனைத் தைலம். பூவுக்கு மட்டும் மூன்று நாள். என் கையால் வந்த நல்ல வேலைகளில் அது ஒன்று. தைக்க வந்த அவர் சட்டைப் பையில் மடித்து வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

பெரிய சண்டை வரும், ஒரு மாசம் ஓடும், வீடு மாறும் பேச்சு மறந்துபோகும் என்பது என் கணக்கு. சண்டையே வரவில்லை. அந்தச் செவ்வாய்ப் பதிவில் தொடக்க இசை வந்தது, இருவரும் “விடிஞ்சாச்சு” என்றார்கள், அதோடு சரி. நடுவில் ஒரு நாற்காலி நகர்ந்தது. நாற்பது நிமிஷம் கழித்து அந்த அம்மா “மணி ஏழே முக்கால்” என்றார். நகல் எடுக்கும் உங்கள் ஆள் எந்தத் தகட்டையும் கேட்டுப் பார்க்கிறவர் இல்லை போலிருக்கிறது. முப்பத்தொரு நகல் எடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த செவ்வாய் முப்பத்தொரு ஊரிலும் ரேடியோவைத் தட்டினார்கள். கடைகளில் பேட்டரி தீர்ந்துபோனதாம். நான் ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தேன், “செவ்வாக்கிழம ஒண்ணுமே இருக்காது” என்று. என்மேல் மரியாதை இன்னும் கூடியது.

அந்த அம்மா தங்கை வீட்டுக்குப் போய் மூன்று மாசம் ஆகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குப் போன் செய்வார். “டெய்லரக்கா, அவரு சாப்பிடுறாரா?” அவரும் துணி கொடுக்கும் சாக்கில் வந்து நிற்பார். “அவ ஏதாச்சும் கேட்டாளாக்கா?” கைக்குட்டையைப் பற்றி இருவருமே என்னிடம் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்வது மரியாதை அல்ல. இப்போதெல்லாம் நான் இடுப்பைப் பிடிப்பதும் இல்லை. சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் அது வீண்வேலை.

ஏன் எழுந்துவிட்டீர்கள்?

“அக்கா, அவரு இப்ப வீட்லதான இருக்காரு? கைக்குட்டை வெச்சது நீங்கன்னு சுவத்தத் தட்டிச் சொல்லிடுங்க. இந்தப் பதிவ நான் ஒலிபரப்புறதுக்கு அடுத்த செவ்வாய் ஆயிடும்.”

தட்டலாம். கை நீட்டினால் சுவர். நான் தட்டினால் சாயங்காலத்துக்குள் அந்த அம்மா பெட்டியோடு வந்து இறங்கிவிடுவார், தெருவே வாசலில் நின்று பார்த்துவிடும். அப்புறம் செவ்வாய்க்கிழமைக்கு என்ன இருக்கிறது? நாளை மூன்று பேர் அளவு கொடுக்க வருகிறார்கள். அடுத்த வாரம் என்ன என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். மூன்று மாசம் கழித்து இப்போதுதான் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது.

மற்றதை ரேடியோ பார்த்துக்கொள்ளும். நான்தான் முதலிலேயே சொன்னேனே, அடுத்தவர் குடும்ப விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.