அம்மனை அதட்டியவன்

உச்சி வெயில் நேரம். பழவேற்காட்டிலிருந்து காட்டூர் போகும் மணல் பாதை. ஆள் இல்லை… காக்கைகூட இல்லை.

கோட்டையில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், இருந்த காலம் அது. என்னோடு அறையில் தங்கியிருக்கும் சம்பந்தம் சொன்னான். அவன் முன்னோர் ஒருவருக்கு நடந்ததாம். நீலமேகம் என்று பேர். தனித்தனியாகக் கேட்காதீர்கள், எல்லாரும் நெருங்கி உட்காருங்கள்.

நீலமேகம் பனை நிழலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய சின்ன மகள் அம்மை கண்டு செத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை செத்த அன்று பொன்னுரங்கம் அவன் வாசலில் நின்று சொன்னான், "உண்மையான பக்தி இருந்திருந்தா புள்ள பொழைச்சிருக்கும்." ஆடி மாதம் அம்மன் கரகத்தைத் தலையில் தூக்கிவருகிறவன் பொன்னுரங்கம்தான். அந்தத் திமிர்.

இப்போது அதே பொன்னுரங்கம் வேப்பிலைக் கட்டோடு ஓட்டமும் நடையுமாக வருகிறான். அவன் மகள் குணசுந்தரிக்கும் அம்மை.

"இன்னா பொன்னுரங்கம்? ஆத்தா உன்னாண்ட கேக்காம எந்த வூட்டுக்கும் போமாட்டான்னியே!"

நீலமேகம் கேட்டதற்குப் பொன்னுரங்கம் நிற்கவில்லை. மணலில் கால் அழுந்தும் சத்தம் மட்டும்… சர்க், சர்க்.

பொன்னுரங்கம் வீட்டுக்குள் மஞ்சள் வாசனை. புழுங்கின துணி வாசனை. அம்மை கண்ட வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது. படுத்திருக்கும் பிள்ளையை அம்மனாகவே நினைத்து, கெஞ்சித்தான் வழியனுப்ப வேண்டும். அவன் மனைவி லோகாம்பாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். "குளுந்து போயிடு தாயே…"

"நீ இன்னாத்துக்குக் கெஞ்சுற? தள்ளு!" பொன்னுரங்கம் பாயருகே போய் நின்றான். "இத்தினி வருசமா உன்னத் தலைல வெச்சி ஊரெல்லாம் சுத்துனேன். என் வூட்டுக்கே வந்துட்டியா? எறங்குடி!"

"ஐயோ, அப்டிப் பேசாதய்யா!"

குணசுந்தரி கண் திறந்தாள். அப்பனை எப்போதும் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"எறங்குறேன்டா," என்றாள். "எங்க எறங்கட்டும்?"

"என் தல இருக்குது. வா!"

அப்போதே ஜுரம் விட்டது. "நைனா… பசிக்குது," என்று பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். பொன்னுரங்கம் சிரித்தான்… கழுத்தில் ஒரு சத்தம். நறுக். இரண்டு கையும் தானாக மேலே போய், தலைக்கு மேல் எதையோ பிடித்துக்கொண்டன. அங்கே ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவனால் படுக்க முடியவில்லை. குனிய முடியவில்லை. கோயிலில் எல்லாரும் விழுந்து கும்பிட்டபோது அவன் மட்டும் விறைத்து நின்றான். "யாராச்சும் எறக்கி வுடுங்கப்பா…" ஊரே ஒதுங்கிப் போனது.

கடைசியில் நீலமேகத்தைத் தேடி வந்தான். அதே மணல் பாதை. முகமெல்லாம் கண்ணீர், துடைக்கக் கை இல்லை.

"உன் வாசல்ல நின்னு அப்டிச் சொன்னது தப்புப்பா. கை குடு… கனம் தாங்கல."

நீலமேகத்துக்கு மனசு கேட்கவில்லை. எழுந்தான். சுமை இறக்குவதுபோல அந்த வெறும் காற்றில் இரண்டு கையையும் வைத்தான்.

கையில் பட்டது… ஒரு சின்னக் கால். அவன் மகளுடையது. அவனே மண் போட்டு மூடிய கால். இன்னும் ஜுரம் கொதித்தது.

மெல்லத் தடவிக் கொடுத்தான். கையை எடுத்துக்கொண்டான்.

"இன்னாப்பா… எறக்கலியா?"

"தூங்குதுடா," என்றான் நீலமேகம். "எழுப்பாத… நட."