அக்கா அமுக்கின பெல்லு

...இல்ல தம்பி, நீ ஒண்ணும் சொல்லாத. மொதல்ல நா சொல்றத முழுசாக் கேளு. இந்தா, பேட்டரி அத்தனையும் உன் கடையிலயே வெச்சுக்க. இந்த சார்ஜரையும் வெச்சுக்க. சார்ஜ் ஏத்துற பேட்டரியாம், வருஷக்கணக்கா உழைக்குமாம்! எங்க வீட்ல ஒரு வாரம் உழைச்சுதா கேளு.

ரிமோட்ட அமுக்கி அமுக்கி எங்க வீட்டுக்காரருக்குக் கட்டவிரல் தேஞ்சே போச்சு. இப்ப எந்திரிச்சுப் போய்த்தான் சேனல் மாத்துறாரு... அதுவும் நல்லதுதான், அந்த மனுஷன் சோபாவ விட்டு எந்திரிச்சு இப்பத்தான் பாக்குறேன். சரி, அத விடு. சுவத்துக் கடிகாரம்? அத நம்பி பேங்குக்குப் போனா, ஷட்டர எறக்கிட்டு என்னைய ஒரு மாதிரியா பாக்குறான்!

இதெல்லாம் கூடத் தொலையட்டும்பா. வாசல் பெல்லு, வயரில்லாத பெல்லு... முந்தாநாள் எங்கக்கா வந்திருக்கா. ஒரு பழைய தையல் மிஷினுக்காகச் சண்ட போட்டு, ரொம்ப நாளா என்னோட பேச்சுவார்த்த இல்லாதவ. வீம்ப விட்டுட்டு அவளாத் தேடி வந்திருக்கா! பெல்ல அமுக்குறா, அமுக்குறா... நா உள்ளதான் துணி மடிச்சுக்கிட்டிருக்கேன், ஒரு சத்தமில்ல. ஜன்னல்ல என் தலை வேற தெரிஞ்சிருக்கு. "வேணும்னே தொறக்கல"ன்னு சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. நா போன்ல அழுது கெஞ்சினதுல, இன்னிக்கி சாயங்காலம் வர்றேன்னிருக்கா. இன்னிக்கும் அடிக்கலன்னா அவ்வளவுதான், இனிமே என் வாசப்படி மிதிக்க மாட்டா.

சார்ஜ் போட்டேனாவா? நல்லாக் கேட்ட! தெனம் ராத்திரி சாப்ட்டு முடிச்சதும் நானே என் கையால சார்ஜரச் சொருகுறேன். பச்ச லைட்டு பளிச்சுனு எரியும். அப்புறம் வீட்ட ஒரு சுத்து சுத்தி வந்து, எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டுத்தான் படுப்பேன். வேற யாருக்கு அந்தப் பொறுப்பு இருக்கு? பேன் பாட்டுக்கு ஓடும், லைட்டு பாட்டுக்கு எரியும். பிரிட்ஜ் ஒண்ணத் தவிர நா எதையும் விட மாட்டேன்...

என்னப்பா சிரிக்கிற?

ஆமா, எல்லா சுவிட்சும்தான். அந்தச் சார்ஜர் சுவிட்சும்... அய்யய்யோ!

ரிமோட்ட உருட்டி உருட்டியே பேட்டரியத் தீத்துட்டீங்கன்னு அவரப் போட்டு அந்த வாங்கு வாங்கினேனே! சிரிக்காத தம்பி. அந்தச் சார்ஜர இப்படிக் குடு. இனிமே சுவிட்ச் அணைக்கிற வேலைய அவரே பாத்துக்கட்டும். அவரு எதையும் அணைக்க மாட்டாரு.

என்ன? பெல்லுக்கும் கடிகாரத்துக்கும் சாதா பேட்டரியே போதுமா? அன்னிக்கே சொன்னியா? சொல்லியிருப்ப... நா உன்னப் பேச விட்டாத்தானே! சரி, ஒரு ஜோடி குடு... இல்ல, வேணாம், வை. இன்னிக்கி எந்த பேட்டரியையும் நா நம்புறதா இல்ல. கதவ விரியத் தொறந்து போட்டுட்டு வாசல்லயே நிக்கப் போறேன். அவ தெருமுனை திரும்புறப்பவே ஓடிப் போய், பெல்லு பக்கம் போறதுக்கு முன்னாடி அந்தக் கையப் புடிச்சுக்கணும்.