அஞ்சாவது ஆளோட கைப்பிடி

ராத்திரி ரெண்டு பத்து. காலேஜ் வொர்க்‌ஷாப்லேருந்து ஹாஸ்டலுக்குப் போற ரோடு. ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், இன்னொரு பக்கம் கம்பி வேலி போட்ட காலி மனை. நடுவுல ஒரே ஒரு விளக்கு... அதுவும் விட்டு விட்டு எரியும். அந்த ரோட்டுல ஒரு பொண்ணு தனியா நடந்து வர்றா.

டேய் மொட்டை, இப்பவே போர்வைக்குள்ள தலையை இழுத்துக்காத. இன்னும் ஒண்ணுமே ஆகல. கரண்ட் வந்தா நிறுத்திடுவேன். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க, நடுவுல கேள்வி கேட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இது என் சித்தி பொண்ணோட ரூம்மேட்டுக்கு நடந்தது. அவளுக்குப் பட்டப்பேர் பசை. கையில எப்பவும் பசை காஞ்சு உரிஞ்சுக்கிட்டே இருக்கும். ப்ராடக்ட் டிசைன் படிச்சா. அதான், நாம புழங்குற நாற்காலி, டார்ச்லைட்டு, டப்பா மூடி, இதையெல்லாம் எப்படிச் செஞ்சா கைக்கு வசதியா இருக்கும்னு பாக்குற படிப்பு. கடைசி வருஷம். ஏற்கெனவே ஒரு தடவை ப்ராஜெக்ட்ல ஃபெயில். இந்தத் தடவையும் போச்சுன்னா பட்டமே கிடையாது, மூட்டை கட்ட வேண்டியதுதான். அவ அப்பா வேற, பொண்ணு பாஸாகிட்ட மாதிரியே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாரு.

அவ செஞ்சது ஒரு கதவுக் கைப்பிடி. விரல்ல பலம் இல்லாதவங்க, விரல் போனவங்க, அவங்களுக்காக. உள்ளங்கையை வச்சு லேசா அழுத்தினா போதும், கதவு திறந்துக்கும். உள்ள ஒரு ஸ்பிரிங். அழுத்தும்போது 'டிக்'... கையை எடுத்தா, கொஞ்சம் பொறுத்து 'டொக்'. வேற எந்தக் கதவுலயும் அந்தச் சத்தம் வராது. ராப்பகலா உட்கார்ந்து அவளே வெட்டி, வளைச்சுப் பண்ணின ஸ்பிரிங்.

டிப்பார்ட்மென்ட் விதி என்னன்னா, அஞ்சு பேர் அதை வீட்டுல மாட்டி ஒரு மாசம் புழங்கிப் பாக்கணும். ஒவ்வொருத்தர் கையிலயும் களிமண் உருண்டையைக் குடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லணும். அந்த அச்சுப்படிதான் அவங்கவங்க கைப்பிடியை இழைக்கணும். நாலு பேர் கிடைச்சாங்க. அஞ்சாவது ஆள் வர்றேன் வர்றேன்னு கடைசி வரைக்கும் டிமிக்கி குடுத்துட்டாரு.

பசை என்ன பண்ணா தெரியுமா? ஒரு ஆளையே உண்டாக்கிட்டா.

கடிகாரம் ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்த பெரியவர். வயசு எழுபத்தொண்ணு. வலது கையில சுட்டுவிரல் கிடையாது. படிவத்துல 'தனியாக வசிக்கிறார்'னு எழுதினா. விலாசம்? அந்தக் காலி மனையோட நம்பர். யார் போய்ப் பாக்கப் போறாங்கன்னு நெனச்சிருக்கா. தன் சுட்டுவிரலை மடக்கிக்கிட்டு, களிமண்ணைத் தானே பிடிச்சா. அந்த அச்சுல இழைச்ச கைப்பிடியை வீணாக்குவானேன்னு தன் ரூம் கதவுலயே மாட்டியும் விட்டா. எவ்வளவு கெட்டிக்காரி பாருங்க!

எல்லாம் நல்லாத்தான் போச்சு. வைவாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் துறைத்தலைவர் கூப்பிட்டாரு. "பரீட்சை பண்ண வெளியிலேருந்து ஒரு அம்மா வர்றாங்கல்ல, அவங்க உன் ரிப்போர்ட்டைப் படிச்சாங்களாம். அந்தக் கடிகாரக்காரரை நேர்ல பாக்கணுமாம். காலையில பத்து மணிக்குக் கூட்டிட்டு வந்துடும்மா."

இல்லாத ஆளை அவ எங்கேருந்து கூட்டிட்டு வருவா? ஹாஸ்டல் வாட்ச்மேனைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போகலாமான்னுகூட யோசிச்சாளாம்... அவருக்குப் பத்து விரலும் குத்துக்கல்லாட்டம் இருக்கு. சிரிக்காதீங்கடா, அவ அழுதுட்டா. நாலு பேர் வீட்டுலேருந்தும் கழட்டிக்கிட்டு வந்த கைப்பிடியை ராத்திரி வெகு நேரம் வொர்க்‌ஷாப்ல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா. ஏற்கெனவே தேய்ச்சதுதான். ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது. உட்கார்றா, எழுந்திரிக்கிறா, தண்ணி குடிக்கிறா, மறுபடி உப்புத்தாளை எடுக்கிறா. கடைசியில இருப்புக் கொள்ளாம கிளம்பிட்டா. ரெண்டு பத்து.

காலி மனைகிட்ட வர்றா.

டிக்.

நின்னுட்டா...

...டொக்.

அவளோட ஸ்பிரிங். பெத்தவளுக்குப் பிள்ளையோட அழுகை தெரியாதா என்ன? அந்த மனையில சுவர் இல்ல. கதவு இல்ல. வெறும் முள்ளும் புல்லும்தான். அதுக்குள்ளேருந்து கடிகார எண்ணெய் வாசனை... கூடவே ஈரக் களிமண் வாசனை. எடுத்தா பாருங்க ஓட்டம்.

ரூமுக்குள்ள போய் தாழ்ப்பாள் போட்டா. என் சித்தி பொண்ணு அன்னைக்கு ஊருக்குப் போயிருந்தா. அவ கட்டில் காலி. பசைக்குப் படுக்கவும் முடியல, உட்காரவும் முடியல. கட்டிலுக்கும் ஜன்னலுக்குமா நடக்குறா...

கதவுல இருந்த கைப்பிடி மெதுவா கீழ இறங்குச்சு. டிக். வெளியில யாரோ அழுத்துறாங்க. உள்ளங்கையை வச்சு, அவசரமே படாம, எப்படி அழுத்தணும்னு இவ ரிப்போர்ட்ல எழுதியிருந்தாளோ அதே மாதிரி...

...டொக்.

"அம்மாடி... காலையில பத்து மணிதானே?"

அதட்டல் இல்ல, மிரட்டல் இல்ல. ரொம்பத் தன்மையான குரலாம். இந்நேரத்துல தொந்தரவு குடுக்கிறோமேன்னு கூச்சப்படுற குரல்.

இவ பேசாம இருந்திருக்கலாம். களிமண் அச்சு எடுக்க வரச் சொல்லி அந்த நாலு பேர்கிட்டயும் போன்ல சொல்லிச் சொல்லி நாக்குல ஊறிப்போன வார்த்தை, தானா வந்துடுச்சு. "ஆமாங்கய்யா, வந்துடுங்க."

அவ்வளவுதான். அப்புறம் சத்தமே இல்ல. திரும்பிப் போன காலடிச் சத்தம்கூட இல்ல.

விடிஞ்சதும் பசை முடிவு பண்ணிட்டா. உண்மையைச் சொல்லிடுவோம், ஃபெயிலானா ஆகட்டும். பத்து மணிக்கு உள்ள போய் வாயைத் திறக்குறா... அதுக்குள்ள அந்த அம்மா சிரிச்ச முகமா, "அவர் ஒன்பதரைக்கே வந்துட்டுப் போயிட்டாரும்மா! எவ்வளவு நல்ல மனுஷன். உன் கைப்பிடியை எப்படி அழுத்துறார்னு இருபது தடவை காட்டினாரு. கிளம்பும்போது கை குடுத்தேன்..." சொல்லிக்கிட்டே உள்ளங்கையைக் கைக்குட்டையில துடைச்சாங்களாம். "அதுலேருந்து இந்தக் கை மட்டும் ஜில்லுன்னே இருக்கு."

பசை அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கணும். சொல்லல. பாஸ் போட்டுட்டாங்க, நல்ல மார்க்.

"உன் படிவத்துல ஒரு தப்பு இருக்குன்னாரு. அவரே திருத்திட்டாரு"ன்னு அந்தத் தாளை நீட்டினாங்க. 'தனியாக வசிக்கிறார்'னு இவ எழுதினதை ஒரே கோடா அடிச்சிருந்துச்சு. பக்கத்துல நடுங்குற கையெழுத்துல... 'மகளுடன்'. காலி மனையோட நம்பரும் அடிச்சிருந்துச்சு. அதுக்குக் கீழ இவளோட ரூம் நம்பர்.

பொம்பளைப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல பெரியவருக்கு என்ன வேலைன்னு அங்க ஒருத்தருக்கும் கேக்கத் தோணல பாருங்க. அது எனக்கு இன்னும் புரியல.

ரெண்டு நாள் கழிச்சு என் சித்தி பொண்ணு ஊர்லேருந்து திரும்பி வந்தா. அவளுக்கு இது எதுவுமே தெரியாது. ராத்திரி வழக்கம்போலத் தாழ்ப்பாள் போடப் போயிருக்கா. பசை வந்து கையைப் பிடிச்சுத் தடுத்துட்டா. ஏண்டின்னு கேட்டிருக்கா. பசை ஆளே இல்லாத சுவர் ஓரத்தை ஒரு தடவை பாத்துட்டு, தூங்குறவங்களை எழுப்பிடக் கூடாதுங்கற மாதிரி குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னாளாம்...

"ராத்திரி எழுந்து வெளிய போகணும்னா, அந்தக் கையை வச்சுக்கிட்டுத் தாழ்ப்பாளை எப்படிடி இழுப்பாரு? நான் கைப்பிடி மட்டும்தானே செஞ்சேன்."