நூறாம் நம்பர் பெட்ரோலு

அவுகளச் சொல்லிக் குத்தமில்லம்மா, அந்த நம்பரைப் போட்டவனைச் சொல்லணும். தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்தஞ்சு, நூறுன்னு பெட்ரோலுக்கு எதுக்கு நம்பரு? பரிச்சையா எழுதுது? நூறுன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா எங்க வீட்டுக்காரவுக சும்மா இருப்பாகளா... நீங்களும் கரண்டு வரட்டும்னுதான நிக்கிறீக? இங்குட்டு நெழலுக்கு வாங்க. ஸ்கூட்டி அங்குட்டே நிக்கட்டும், யாரு தூக்கிட்டுப் போகப்போறா. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம், பெட்ரோல் ஊத்துற பிள்ளை துர்காதேவி சொல்லுது. பெட்ரோல் பங்குல. கேட்டீகளா கூத்தை.

அந்தா, வெள்ளைக் காருக்குப் பின்னால குத்தவச்சு டயரைப் பாத்துக்கிட்டு இருக்காகல்ல, அவுகதான். சேவுகப்பெருமாள் டிரைவர்னா காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல தெரியாதவுக இல்ல. காலமெல்லாம் பஸ்ஸு ஓட்டுனவுக. டிப்போவுல எதை ஊத்துனாகளோ அதைக் கொண்டுதான் ஓட்டணும். உங்களுக்கு எது வேணும்னு யாரு கேட்டா? ரிட்டயர் ஆன கையோட இந்தக் காரை வாங்குனாக. பழைய காருதான், ஆனா சொந்தக் காரு. வாங்குன அன்னிக்கு இதே பங்குல ஒருத்தன், "ஐயா, சாதாவா பிரீமியமா?"ன்னு கேட்டுப்புட்டான். அம்புட்டுதான். வாழ்க்கையில மொதத் தடவையா ஒருத்தன் கேட்டிருக்கான், சாதான்னு சொல்ல வாய் வருமா?

அதுலருந்து தொண்ணூத்தஞ்சு. அதோட நின்னாலும் பரவாயில்ல. மதுரையில ஒரு பங்குல நூறு கிடைக்குதுன்னு எவனோ டீக்கடையில சொல்லிட்டான். நான் கட்டுச்சோறு கட்டிக்கிட்டுக் கூடப் போனேன்மா. புருசன் பொண்டாட்டி மதுரைக்குப் போயி, கோயிலுக்குப் போகல, பங்குக்குப் போயிட்டு வந்தோம். ஊத்துனதுல பாதி வீடு வந்து சேரவே சரியாப் போச்சு. அதைச் சொன்னா, "நீ சத்தத்தைக் கேளு செந்தாமர, எம்புட்டு சாந்தமா ஓடுது பாரு"ங்கிறாக. எனக்கு ஒரே சத்தமாத்தான் கேட்டுச்சு. மிக்ஸி சத்தத்துக்கும் அதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது, அது வேற.

எங்க மக விசாலி இருக்காளே, ஓசூர்ல இஞ்சின் செய்யிற கம்பெனியில வேலை. அவ போன்ல தலபாடா அடிச்சுக்கிட்டா. "அப்பா, நம்பரு கூடுனா சக்தி கூடாதுப்பா. சில இஞ்சின் பெட்ரோலைப் போட்டு ரொம்ப நெருக்கும், அதுக்குச் சின்ன நம்பர் ஊத்துனா நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு உள்ள தட்டும். அதுக்குத்தான் பெரிய நம்பரு. நம்ம வண்டி அப்படி நெருக்குறதில்ல. தொண்ணூத்தொண்ணு போதும்னு பெட்ரோல் மூடிக்குள்ளயே போட்டிருக்கு"ன்னா. அவுக என்ன சொன்னாக தெரியுமா? "போதும்னுதான போட்டிருக்கு, கூடாதுன்னு போடலையே." படிச்ச பிள்ளை போனை வச்சிட்டா.

இந்த லட்சணத்துலதான் எங்க அண்ணன் மகன் முத்துக்கண்ணன் கல்யாணம் வந்துச்சு. பொண்ணு வீடு கண்டனூரு. அங்க பெரிய வீடு ஒண்ணை வாடகைக்குப் பிடிச்சுக் கல்யாணம். மாப்பிள்ளைய அரியக்குடியிலருந்து கூட்டிட்டு வரணும். "எங்காரு இருக்கையில என்னத்துக்கு வாடகைக் காரு?"ன்னு இவுக நின்னுட்டாக. பூவெல்லாம் கட்டி, கண்ணாடியெல்லாம் தொடச்சு, காரு மாப்பிள்ளையை விட அழகா இருந்துச்சு. ஏறையில நான் கேட்டேன், பெட்ரோல் இருக்கான்னு. "கண்டனூர் போகக் காணும். நாளைக்கு மதுரை போயி ஊத்திக்கிறேன்"னாக. வழியில எத்தனை பங்கு... ஒண்ணையும் ஏறெடுத்துப் பாக்கலையே.

கண்டனூரு இந்தாருக்குங்கையில வண்டி இருமுச்சு. பெறகு நின்னுருச்சு. ரெண்டு பக்கமும் கருவேலங்காடு. முகூர்த்தம் நெருங்குது, பொண்ணு வீட்டுலருந்து போன் மேல போன். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையெல்லாம் வேர்வை. அவன் நல்ல பிள்ளைம்மா, துண்டால தொடச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். எங்க அண்ணன்தான், "ஊரு சனத்தையே ஏத்தி இறக்குன டிரைவரு, என் மகனைக் கொண்டாந்து காட்டுல நிப்பாட்டிட்டாரு"ன்னாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. ஆனா இவுக மூஞ்சி செத்துப்போச்சு.

பெறகு ஒரு பால்காரரு வந்தாரு. பாவம், பைக்கிலருந்து தண்ணி பாட்டில்ல பெட்ரோல் பிடிச்சுக் குடுத்தாரு. சாதாதான். பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு இவுக நிக்கிறாக, நிக்கிறாக. மாப்பிள்ளை இறங்கி வந்து, "ஊத்துங்க மாமா, நான் தாலி கட்டணும்"னான். கண்ணை மூடிக்கிட்டு ஊத்துனாக. வண்டி எடுத்துச்சு பாருங்க, என்னமாப் போச்சுங்கிறீக! தட்டவும் இல்ல முட்டவும் இல்ல. தாலி நேரத்துக்கு ஏறிருச்சு.

நான் செயிச்சுட்டேன்னுதான் நெனச்சேன். பந்தியில பாத்தா ஆளைக் காணோம். வெளியில காருக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்திருக்காக. சாப்பிட வாங்கன்னா, "ஒரு நாளும் பஸ்ஸை நான் இப்படி நடுரோட்டுல விட்டதில்ல செந்தாமர"ன்னாக. பாயசத்தை டம்ளர்ல கொண்டாந்து குடுத்தேன், ஆறிப்போச்சு.

அதுலருந்து காரைத் தொடைக்கிறதில்ல. பானட்டைத் தெறந்து காது வச்சுக் கேக்குறதில்ல. காலையில எந்திரிச்சு ஆக்டேனு, அதான் அந்தப் பெட்ரோல் நம்பரு, அதைப் பத்திப் பேசி என் உசுர வாங்குறதில்ல. வீடு கப்சிப்புன்னு கெடக்கு. இன்னிக்கு ஆத்தங்குடிக்கு, மக வீட்டுக்குத் தரைக்கல்லு பாக்கப் போறோம். பங்கைப் பாத்ததும் தானா உள்ள விட்டு, "சாதாவே ஊத்தச் சொல்லு"ன்னுட்டு டயரைப் பாக்கப் போயிட்டாக. என் மூஞ்சியைக் கூடப் பாக்கல. இதுக்குத்தான நான் இம்புட்டு நாளும் கரடியாக் கத்துனேன்? சந்தோசமா இருக்கணுமில்ல? நீங்களே சொல்லுங்க.

ஆங், கரண்டு வந்துருச்சு. நீங்க மொதல்ல ஊத்திக்கிருங்க, உங்களுக்கு வேலைக்கு நேரமாகும். நான் நின்னு பேசுறேன்.

அப்புறம்... ஏத்தா துர்காதேவி, அடுத்து எங்க காருதான். இல்ல, அந்தப் பைப்பு வேணாம். அங்குட்டு இருக்குல்ல, தொண்ணூத்தஞ்சு, அதை ஊத்து. தெரியும்த்தா, இஞ்சினுக்கு வேணாம்தான். மூடியிலயே போட்டிருக்கு, நானும் படிச்சேன். நீ ஊத்து. ரொப்பிரு.

என்னங்க, இங்க வாங்க. ஆமா, நாந்தான் சொன்னேன். எனக்கென்ன தெரியும், நீங்களே அந்தப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லுங்க.

பாத்தீகளா, எந்திரிச்சு வாராக. கையைத் தொடச்சுக்கிட்டு வாராக. ஆரம்பிச்சுட்டாக பாருங்க, "இந்த ஆக்டேன்ங்கிறது என்னன்னா தாயி"ன்னு... இனி ஆத்தங்குடி வரைக்கும் நிக்காது, திரும்பி வரையிலயும் நிக்காது. எனக்கு இது தேவையா? நானே வாயைக் குடுத்து... ஏம்மா, நீங்களாச்சும்...

எங்க, ஸ்கூட்டியைக் காணோம்?