இராசமலர் வீட்டு வாசல்

இரவு ஏழரை இருக்கும். நாற்பத்திரண்டாம் ஆண்டு, திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த மாதம். துறைமுகத்துக்கு இறங்கும் ஒழுங்கையில் ஒரு விளக்கும் இல்லை... விமானத்துக்குப் பயந்து இருட்டடிப்பு. சனம் ஓடிவிட்டது. எரிந்த எண்ணெயின் நாற்றம் மட்டும் போகவில்லை.

அந்த வழியே தனியாக வந்தவர் பாக்கியரத்தினம். நிலாவெளிச் சின்னராசாவின் மச்சான், அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மனைவியை நிலாவெளிக்கு அனுப்பிவிட்டு ஒற்றையாக இருந்தவர். பட்டாள லொறிகளுக்காக இந்த ஒழுங்கையை அகலமாக்கியபோது, இடிக்கிற வீடுகளில் ஆளில்லை என்று எழுதிக் கொடுத்தது அவர்தான்.

கடைசி வீடு ஒல்லாந்தர் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். இடித்தாயிற்று; இனி அது யாருடையது என்று பதிய வேண்டும். கிண்ணியாவுக்கு ஓடித் திரும்பியிருந்த அப்பக்கார ஆமினா உம்மாவிடம் காலையில் விசாரித்திருந்தார்.

"முதல்ல புகையில வியாபாரிட வீடு. பிறகு கப்பல் சாமான் கடை. கடைசியா இராசமலர், தனிய. குண்டு விழுந்த அண்டு என்னோட வா எண்டன். கப்பல்ல போன தமையன் வந்தா ஆரு கதவு துறக்கிற எண்டு நிண்டுட்டா."

"வீட்டில ஆரும் இல்லையே உம்மா. இடிக்க முதல் பொழுதுபட வந்து நான் கூப்பிட்டனான்."

"எத்தின தரம்?"

"ரெண்டு தரம்."

உம்மா அப்பச்சட்டியைச் சுழற்றாமல் வைத்திருந்தார். "பேய் ரெண்டு தரந்தான் கூப்பிடுமாம். பொழுதுபட்டா மூண்டாந்தரம் கூப்பிட்டாத்தான் அவ வாய் துறப்பா. அப்பம் குடுக்கப் போனா நானும் மூண்டு தரம் கத்தோணும். ஒழுங்கைக்கே தெரியும் தம்பி. கந்தோருக்குத்தான் தெரியல்ல."

பாக்கியரத்தினம் அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகவில்லை. சுற்றிச் சுற்றி, இருட்டியபின் இங்கே வந்து நின்றார். இடித்த கல்லையெல்லாம் தெருவிலேயே பரவி உருளை ஓட்டியிருந்தார்கள். வாசல் இருந்த இடத்தைக் காலடி எண்ணிக் கண்டுபிடித்தார்.

"வீட்டுக்காரர்..."

மூன்றாவது தரம்.

கடல் இரைந்தது. பிறகு... காலுக்குக் கீழே,

"ஓம். வாறன்."

இரும்புத் தாழ்ப்பாள் இழுபடும் ஓசை. அப்போதுதான் ஊதி அணைத்த விளக்குத் திரியின் மணம்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் பொழுதுபட, பாக்கியரத்தினத்தின் வாசலில் ஒரு பெண் குரல். "வீட்டுக்காரர்... வீட்டுக்காரர்..." இரண்டு தரம். அவர் கதிரையில் அசையாமல் இருப்பார்.

ஆடியில் சின்னராசா துணைக்கு வந்து தங்கினார். அன்றும் அந்தக் குரல் வந்தது. இரண்டு தரம். கொஞ்சம் பொறுத்து... மூன்றாவது.

"ஓம், வாறன்" என்று மச்சான் எழுந்து போனார். தாழ்ப்பாள் இழுபடுவது கேட்டது.

சின்னராசா பின்னால் ஓடினார். மச்சானைக் காணவில்லை. கதவு தாழ் போட்டபடியே கிடந்தது. உள்பக்கமாக.