எண்பத்திரண்டு கிராம்

பாட்மின்டன் இரட்டையர் ஆட்டத்துக்கு விலை குறைந்த ராக்கெட் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன். நீங்கள் முன்னால் நிற்பவரா, பின்னால் நிற்பவரா? வலைக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத் தலை லேசான ராக்கெட் போதும். பின்னால் நின்று ஓங்கி அடிப்பவருக்கு அதைவிடச் சற்றுக் கனமானது வேண்டும். ஆனால் தோளில் பழைய வலி இருந்தால் அந்தக் கனமும் கூடாது. தண்டு வளைந்து கொடுக்க வேண்டும், நரம்பை இறுக்கிக் கட்டக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் வண்ணப்பூச்சு.

ஜாவாவில், மகெலாங் ஊரின் விளையாட்டு அரங்கத்தின் பின்வாசலில் என் கடை இருக்கிறது. எங்கள் பக்கத்து மலிவு ராக்கெட்டுகளில் அச்சடித்திருக்கும் எண்களை யாரும் நம்புவதில்லை. எழுபத்தெட்டு கிராம் என்று போட்டிருக்கும், தராசு தொண்ணூறு காட்டும். அதனால் நரம்பு கட்டுகிறவர் ஒவ்வொன்றையும் எடை போட்டு, எடையையும் நரம்பின் இறுக்கத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கைப்பிடியில் கட்டித் தருவது இங்கே வழக்கம். முதலில் தராசு, பிறகு சீட்டு. ராக்கெட் கையில் எப்படி இருக்கிறது என்பதைவிட, சீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான் எல்லோரும் நம்புவார்கள். என் சீட்டை யாரும் சந்தேகித்ததில்லை.

வெனிங் என்னோடு பதினொரு வருடம் ஜோடியாக ஆடினாள். நான் முன்னால், அவள் பின்னால். முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஷட்டில் முகத்தில் படும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். நான் பதினொரு வருடம் திரும்பவில்லை. அவள் காலடியைக் கேட்டேன், மூச்சைக் கேட்டேன், அடி விழும் சத்தத்தைக் கேட்டேன். அந்தச் சத்தம் என் முதுகிலிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றும்.

சென்ற வருடம் செமாராங்கிலிருந்து ஹர்தினி அம்மா வந்தார். ஒரு மரக் கம்பெனியின் பெண்கள் அணிக்கு அவர்தான் மேலாளர். பின்னால் ஆடுகிறவள் ஒருத்தி அவருக்குத் தேவைப்பட்டது. எடுத்துக்கொண்டால் அங்கேயே நிரந்தர வேலை. காலையில் அலுவலகம், மாலையில் ஆட்டம். வெனிங் அப்போது ஒரு சலவைக் கடையில் நின்றபடியே நாள் முழுவதும் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தொன்பது. இன்னொரு அழைப்பு வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஹர்தினி அம்மா தன்னுடன் அழைத்து வந்த பெண்ணை முன்னால் நிறுத்தி, வெனிங்கைப் பின்னால் ஆடச் சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்றுதான் வெனிங் ஆடுவதை முதன்முறையாகப் பார்த்தேன். எம்பி எழும்போது இடது கை கூரையைச் சுட்டிக்காட்டியது. உடம்பு வில்லாக வளைந்து நிமிர்ந்தது. அழகாக இருந்தது. முன்னால் நின்றவள் யார் என்பது அந்த அழகுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இதை நான் வருத்தத்தோடு சொல்லவில்லை. கவனித்ததைச் சொல்கிறேன்.

"பத்து வாரம் கழிச்சு செமாராங் வா. கடைசித் தேர்வு அங்கதான்" என்றார் ஹர்தினி அம்மா. "தோள் கீள் வலி எதுவும் இல்லையே?"

"இல்லைங்கம்மா" என்றாள் வெனிங். என்னைப் பார்க்கவில்லை.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் அவள் வலது தோள் இரண்டு மாதம் தூக்க முடியாமல் கிடந்தது. உருவிவிட்ட பெரியவர், இனி கனமான எதையும் வீசாதே என்று சொல்லி அனுப்பினார். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

அடுத்த வாரம் பயிற்சியில் நடுவில் வந்த ஒரு ஷட்டிலுக்கு இருவரும் ஒன்றாகப் பாய்ந்தோம். என் ராக்கெட் பட்டு அவள் ராக்கெட்டின் சட்டம் விரிசல் விட்டது. அது விபத்து. தனியாகச் சொல்வதற்குக் காரணம், மற்றது விபத்து இல்லை என்பதுதான்.

"நாசமாப் போச்சு ரெத்னோ. அடிக்கிறதுக்கு ஷட்டிலே கிடைக்கலியாடி உனக்கு?" என்று சிரித்தாள் வெனிங். "நாலு லட்சம் ரூப்பியாவுக்குள்ள ஒண்ணு பாத்துக் குடு. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீ குடுக்கறதத்தான் அடிக்கப் போறேன்."

நன்றாக யோசித்தேன். என்னிடம் அவளுக்கு ஏற்ற ராக்கெட் ஒன்று இருந்தது. நீல நிறம், தலை லேசு, தண்டு நன்றாக வளையும், விலையும் அதற்குள்தான். அதை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினேன். தண்டு விறைப்பான ஒரு சிவப்பு ராக்கெட்டை இறக்கினேன். தூண்டில்காரர்கள் கட்டும் ஈயக் குண்டுகளைத் தகடாகத் தட்டி, அதன் தலைப்பக்கத்து நரம்புத் துளைகளின் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் வைத்து மூடினேன். நரம்பை இருபத்தொன்பது பவுண்டுக்கு இறுக்கினேன். சட்டம் தாங்கியது. சீட்டில் எண்பத்திரண்டு கிராம், இருபத்துமூன்று பவுண்டு என்று எழுதினேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

அரங்கத்தில் நாலு பேர் நிற்கும்போது அதை வீசிப் பார்த்தாள்.

"என்னடி இது, உலக்கை மாதிரி இருக்கு?"

"சீட்டப் பாரு."

பார்த்தாள். "எண்பத்திரண்டுன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப ராக்கெட்டுல தப்பில்ல. துணி தேச்சுத் தேச்சு உன் கை இஸ்திரிப் பெட்டியா ஆயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். வெனிங்தான் அதிகம் சிரித்தாள். மறுநாளிலிருந்து கூடுதலாக ஒரு மணி நேரம் பயிற்சி செய்தாள்.

அவள் வலிக்கிறது என்று சொன்ன ஒவ்வொரு முறையும் நான் கடையை மூடிவிட்டுப் போய்த் தைலம் தேய்த்துவிட்டேன். என் கட்டை விரலுக்கு அடியில் அவள் தோளின் தசைநார் ஒவ்வொரு வாரமும் தடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. அவளாகவே நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். தேர்வுக்குப் போகாமல் இருந்துவிட்டால் தோளும் பிழைக்கும், செமாராங்கும் இல்லை. ஒன்பது வாரம் அவளுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. அவள் பிடிவாதத்துக்கு நான் பொறுப்பாக முடியாது.

தேர்வுக்கு நானும் கூடப் போனேன். அவள் பையை நான்தான் தூக்கினேன். போகும் வழியில் இருவரும் சோதோ சூப் சாப்பிட்டோம். அவள் கரண்டியை இடது கையில் பிடித்திருந்தாள். சொல்வதற்கு அப்போதும் நேரம் இருந்தது. இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டேன்.

ஆறாவது ஸ்மாஷில் அது நடந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை, ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒன்று. ராக்கெட் கீழே விழுந்தது. கை, சட்டைக்குள் யாரோ தொங்கவிட்டது போலத் தொங்கியது.

ஹர்தினி அம்மா ராக்கெட்டைக் குனிந்து எடுத்துக் கையில் ஆட்டிப் பார்த்தார். "இது கனமா இருக்கேம்மா. இத வச்சா ஆடின?"

வெனிங் தரையில் கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ராக்கெட்டக் குறை சொல்லாதீங்கம்மா" என்றாள். "அது ரெத்னோ பாத்துக் குடுத்தது. சீட்டு இருக்கு பாருங்க."

அவர் சீட்டைப் படித்தார். பிறகு ராக்கெட்டை என்னிடம் தந்தார்.

தோள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. தைத்தார்கள், சரியாகச் சேரவில்லை. இப்போது அவளால் வலது கையை மார்புக்கு மேல் தூக்க முடியாது. சலவைக் கடையிலும் நிறுத்திவிட்டார்கள். என் வீட்டில்தான் இருக்கிறாள். நான்தான் தலை வாரிவிடுகிறேன், சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். அவளை நேருக்கு நேர் உட்கார்ந்து பார்க்கிறேன். செமாராங்கில் யார் இவ்வளவு செய்திருப்பார்கள்? அங்கே இரண்டு வருடம் ஆடவிட்டு அனுப்பியிருப்பார்கள். அந்தத் தோள் எப்படியும் ஒரு நாள் போயிருக்கும். போகும்போது பக்கத்தில் நான் இருந்தேன் என்பதுதான் வித்தியாசம். ஈயத்தை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். சிவப்பு ராக்கெட்டை நரம்பு மாற்றி, சரியான சீட்டுக் கட்டி விற்றேன். வாங்கியவருக்குத் திருப்தி.

போன வாரம் டெம்பே சோயா வில்லைகளைப் பொரித்துக்கொண்டிருந்தபோது வெனிங் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"சிரிக்கக் கூடாது" என்றாள். "ரெண்டு மாசமா, நீ கடைக்குப் போனப்புறம், பின் சுவத்துல இடது கையால அடிச்சுப் பாக்கறேன். நேத்து நூறு அடி வரைக்கும் ஷட்டில் கீழ விழல."

நான் சிரிக்கவில்லை.

"அரங்கத்துல வியாழக்கிழமை பொம்பளைங்க ஆடறாங்கல்ல, யூலியானி என்னையும் வரச் சொன்னா. அவ முன்னால, நான் பின்னால. நீ முகத்தத் தூக்காத. உனக்கு ஏற்கெனவே கடை, வீடு, நான்னு எவ்வளவு பாரம்." பிறகு, பல மாதங்களுக்குப் பின் பழைய குரலில், "மலிவா ஒண்ணு பாத்துக் குடுடி. இதுல எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உனக்குத்தான் தெரியுமே" என்றாள்.

இடது தோள் பழக்கமில்லாதது. வலதைவிட மெலிந்தது. அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. இன்று காலை நன்றாக யோசித்து, அந்த நீல ராக்கெட்டையே ஆணியிலிருந்து இறக்கியிருக்கிறேன். அவளுக்கு நீலம் பிடிக்கும். தலைப்பக்கத்துப் பட்டையைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டேன். ஈயம் இருக்கும் பெட்டியும் பக்கத்தில் திறந்துதான் இருக்கிறது.

சீட்டில் எண்பது என்று எழுதிக் கட்டிவிட்டேன். ராக்கெட்டை இன்னும் தராசில் வைக்கவில்லை.