இரண்டாவது அர்ச்சனை

பெரிய கோயிலில் அர்ச்சனை வரிசை நகர்வதாக இல்லை. எனக்கு முன்னால் ஓர் அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு டிக்கெட் எதுக்கு அண்ணி?"

"ஒண்ணு உங்கண்ணனுக்கு. இன்னொண்ணு பெங்களூர் ஆராய்ச்சி லேப்ல வளர்ற அவரோட மூளை செல்லுக்கு."

"செல்லுக்கு அர்ச்சனையா!"

"அவர் ரத்தத்துல இருந்துதான் வளர்த்திருக்காங்க. தூக்கம் கம்மியாகி, பேச்சு ஜாஸ்தியாகி, அப்புறம் மாசக்கணக்குல எழுந்திருக்காம படுத்துடறாரே, அதுக்கு எந்த மாத்திரை கேக்கும்னு அந்த செல்லுல போட்டுப் பார்க்கிறாங்க."

"அண்ணனுக்கு எப்போ சரியாகும்?"

"அவருக்கு உதவுமான்னு தெரியாதாம். பின்னால வர்றவங்களுக்கு உதவும்னு டாக்டர் சொன்னாரு."

சன்னதியில் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். கணவன் பெயரை அண்ணி சொல்லவில்லை. நாத்தனாரே சொன்னாள்.

"முருகன், சுவாதி."

"அடுத்தது?"

செல்லுக்கும் அதையே சொல்ல நாத்தனார் வாயெடுத்தாள். அதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"திவ்யா, ரோகிணி."

"அண்ணி, அது உங்க பொண்ணு பேராச்சே?"

"அவ மூணு நாளா தூங்கல, கீதா. பேசிக்கிட்டே இருக்கா."